புதன்கிழமை போன்

என் மகள் எனக்குப் புதுப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நம்பரைத் தேட வேண்டாமாம், எழுத்தைத் தட்ட வேண்டாமாம். வாயால் பெயரைச் சொன்னால் அதுவே போன் போட்டுவிடுமாம். வாங்கி வந்த அன்றே எதிரில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"எங்க, அப்பாவக் கூப்புடு பாக்கலாம்."

"அப்பா" என்றேன். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிட்டது.

"அப்பான்னா அதுக்கு எப்படித் தெரியும்? பேரச் சொல்லும்மா."

நான் போனை வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வருகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாத கடைசித் தலைமுறை நாங்கள்தான் போலிருக்கிறது. ஒருமுறை ரேஷன் கார்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார், எனக்கோ வாய் வரவில்லை. "முதல காலப் புடிச்சிக்கிச்சே, பெருமாள் வந்து காப்பாத்தினாரே, அது" என்றேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். மறுபேச்சில்லாமல் கஜேந்திரன் என்று எழுதிக்கொண்டார். பாருங்கள், ரேஷன் கார்டின் புண்ணியத்தில் உங்களுக்கும் பெயர் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால். எனக்குச் சந்தேக புத்தி. பால்காரர் ஊற்றிய பாலை அவர் தெருமுனை திரும்புவதற்குள் விரலால் தொட்டுப் பார்ப்பேன். யாராவது என்னைப் புகழ்ந்தால் அவருக்கு என்ன வேண்டும் என்றுதான் முதலில் யோசிப்பேன். பிறந்த ஊர் மாகறலில் இருந்தபோதே இப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அது நன்றாகக் கிளை விட்டது.

கல்யாணம் ஆனது தொண்ணூறுகளின் நடுவில். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் என் மாமியார் வீடு. இவர் ரைஸ் மில்லில் மெஷின் பூட்டுகிற ஃபிட்டர். கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள், நெல்லூர் பக்கம் ஒரு பெரிய மில்லில் வேலை என்று கிளம்பிப் போனார். ஐந்தாறு மாதம் ஆகும் என்றார். இருபத்திரண்டு நாளில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு போஸ்ட் கார்டு நிறையாது. நான் கூச்சப்பட்டேன். அவரும் கூச்சப்பட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது, பிடிக்கவில்லையோ என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பின்பக்கத்து பாய் வீட்டில் இருந்தது. பாய் குவைத்தில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து பஸ் நிலையத்துக்கு எதிரில் கடை போட்டிருந்தார். அவர் வீட்டு நம்பரைத்தான் எங்கள் கல்யாணப் பத்திரிகையிலேயே பி.பி. நம்பர் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த நாளில் பத்து வீட்டுக்கு ஒரு பி.பி. நம்பர். வெளியூர்க்காரர் போன் செய்து ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடிப்பார். அதற்குள் இந்தப் பக்கத்து ஆள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் நிற்க வேண்டும்.

இவர் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு பூத்திலிருந்து அடிப்பார். பாயின் மனைவி ஷம்ஷாத் அக்கா எடுப்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பளவு மதில் ஒன்றுதான். அதன் மேலாக எட்டி, "தங்கச்சி, போன்" என்று ஒரு குரல் கொடுப்பார். நானும் மாமியாரும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவோம். புது மருமகளைத் தனியாக அனுப்புகிற வழக்கம் இல்லை.

சிவப்பு நிறப் போன். அதற்கு நூலில் பின்னிய தொப்பி போல ஒரு உறை. வெளியே யாரும் போன் போட்டுவிடாதபடி ஒரு சின்னப் பூட்டு. ரிசீவரைக் காதில் வைத்தால் ஜவ்வாது வாசனை வரும். முதலில் மாமியார் பேசுவார். மழை, மாடு, கூரை, ரேஷன் எல்லாம் முடிந்த பிறகு சூடேறிய ரிசீவர் என் கைக்கு வரும். மாமியார் ஒரு முழ தூரத்தில் நிற்பார். ஷம்ஷாத் அக்கா மரியாதைக்கு அடுப்படிக்குப் போவார், ஆனால் அந்த அடுப்படிக்குக் கதவு கிடையாது.

"சாப்டியா?"

"ம்."

"ஒடம்பு நல்லா கீதா?"

"ம்."

"எதனா வேணுமா?"

இதற்கும் நான் "ம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்டால் அதற்கும் "ம்". நெல்லூர் வரை ஒரு "ம்" போய்ச் சேருகிறதே என்று இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வேர்த்துக் கொட்டும்.

இனிமேல்தான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஞாயிறு காலையில் நான் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். துவைக்கிற கல் மதிலை ஒட்டி. பாய் வீட்டில் போன் அடிப்பது எனக்கு நன்றாகக் கேட்கும். அடித்ததும், "சொல்லு கஜா தம்பி" என்று ஷம்ஷாத் அக்காவின் குரல். அதன் பிறகு "தங்கச்சி, போன்" உடனே வராது. ஒரு சிரிப்பு வரும். கொஞ்சம் பேச்சு, சொல் பிடிபடாத தணிந்த பேச்சு. மறுபடி சிரிப்பு. அப்புறம்தான் எனக்கு அழைப்பு.

நான் ஒருமுறையும் வாயால் சொல்லாத பெயரை இன்னொருத்தி வாய் நிறையச் சொல்கிறாள், அதுவும் பாதியாகக் குறைத்து, செல்லமாக. எனக்கு எரிந்தது. துணியை அடித்த அடியில் அந்த மாதம் இரண்டு ரவிக்கைக்குக் கொக்கி போயிற்று.

ஞாயிறோடு விட்டதா? புதன்கிழமையும் சேர்ந்துகொண்டது. புதன்கிழமை துணி உலர்த்தும்போது அக்கா மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொல்வார்: "காலைல தம்பி போன் பண்ணிச்சி. அவசரமாம், உன்னக் கூப்புட வேணான்னிச்சி. உன் இருமல் போச்சான்னு கேட்டுச்சி."

ஞாயிறு பேசும்போது நான் இருமியது வாஸ்தவம். அதை நினைவு வைத்துக் கேட்டிருக்கிறாரே என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே, அதை என்னிடம் கேட்காமல் இவளிடம் ஏன் கேட்க வேண்டும் என்று கொதித்தது. அடுத்த புதன்கிழமை, "நீ பச்சப் பொடவ கட்டினா நல்லா இருப்பியாம், கூச்சமில்லாம சொல்லுது" என்றார். இன்னொரு புதன், "ஒரு எட்டு வந்துட்டுப் போலாமான்னு கீதாம், லீவு குடுக்க மாட்டேன்றானாம்" என்றார். ஒவ்வொரு சேதியும் எனக்குச் சர்க்கரையாகவும் இருந்தது, மிளகாயாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் "சாப்டியா" தாண்டிப் பேசாத மனுஷன், புதன்கிழமை இன்னொரு பெண்ணிடம் இத்தனை பேசுகிறார் என்றால் நான் என்னவென்று நினைப்பது?

பாயின் மேலே எனக்கு இரக்கம்கூட வந்தது. பாவம், கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று. இதைவிடக் கேவலமாக ஒருத்தி நினைக்க முடியுமா, சொல்லுங்கள்.

நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை, அக்கா மதிலுக்கு வந்ததும் நான் முந்திக்கொண்டேன். "அவுரு உங்ககிட்ட சொன்னத நீங்களே வெச்சிக்கோங்க. எனக்கு இன்னாத்துக்கு?" என்றேன். அக்கா முழங்கையை மதிலிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் புதன்கிழமை சேதி இல்லை. ஞாயிறன்று சிரிப்பும் இல்லை. போன் அடிக்கும், உடனே "போன்" என்று வெறும் குரல் வரும்.

நான் போகவில்லை. முதல் ஞாயிறு வயிற்று வலி என்றேன். இரண்டாம் ஞாயிறு தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்றாம் ஞாயிறு காரணம்கூடச் சொல்லவில்லை, துவைக்கிற கல்லருகிலேயே நின்றுகொண்டேன். மாமியார் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் களையே இல்லை.

"பொங்கலுக்கும் வர்ல்லியாம். அங்கயே இன்னொரு மில்லு வேல கீதாம். உனக்கு இஷ்டமில்லன்னா உங்கூட்ல கொண்டாந்து வுட்டுடச் சொன்னான். இன்னாடி நடக்குது?"

அழுதால் இவர் ஜெயித்ததாகிவிடும் என்று நினைத்து, "அவுருக்குத்தான் இங்க இஷ்டமில்ல" என்றேன். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் ஊறப் போடுகிறவரும் இல்லை. அன்றைக்கே மாகறலுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை என் நைனா வருவார், பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. பேசி முடிப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறுவதுதான்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காலையில், மாமியார் கொல்லையில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, சொல்லிக்கொள்ளாமல் தனியாகச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மில்லுக்குப் போன் போட்டுக் குடுங்கக்கா" என்றேன். மில் ஆபீஸ் நம்பர் அவசரத்துக்கு என்று அவரிடம்தான் இருந்தது.

அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து, பூட்டைத் திறந்து நம்பரைப் போட்டார். மணி போகிற சத்தம் கேட்டதும் ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே கூப்புட்டுக் குடுங்க."

"மாட்டேன். நான் பேர் சொன்னா உனக்குத்தான் எரியுதே. நீயே சொல்லு."

தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் யாரோ எடுத்துவிட்டார்கள். பின்னால் மெஷின் இரைச்சல். தெலுங்கில் ஒரு ஆண் குரல், "எவரு காவாலி?" என்றது, யார் வேண்டும் என்று. அவரிடம் நின்று முதலைக் கதையா சொல்ல முடியும்?

"கஜேந்திரன்" என்றேன்.

"எவரு?"

"கஜேந்திரன்."

"கட்டிகா செப்பம்மா" என்று அவர் கத்தினார். அர்த்தம் தெரியாவிட்டாலும், கத்திச் சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முறை சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வறட்டி தட்டுகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

இவர் வந்து ரிசீவரை எடுக்க ரொம்ப நேரம் பிடித்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"யாரு?"

"நான்தான்."

"எம்பேரச் சொல்லியா கூப்ட்ட?" என்றார்.

"ம்" என்றேன். வழக்கம்தானே. எதிரில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அடுப்படிக்குப் போகவில்லை. நான் "நாளைக்கி வாங்க" என்றேன். கல்யாணமாகி போனில் நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

மறுநாள் நைனா வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மோரைக் குடித்து, தொண்டையைச் செருமி ஆரம்பிக்கப் போகிற நேரத்தில், காளஸ்திரி வழியாக பஸ் மாறி மாறி வந்த களைப்போடு இவர் வாசலில் நின்றார். சட்டை முழுக்கத் தவிட்டு வாசனை. நைனா ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி விசாரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் தலை மறைந்ததும் இவர் உள்ளே வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினார்.

"அந்தச் சட்ட எங்க?"

"எந்தச் சட்ட?"

"நான் ஊருக்குப் போன அன்னிக்கி அவுத்துப் போட்டது. நீ தோய்க்காம எடுத்து வெச்சிக்கினு கீறியாமே. பாயம்மா சொல்லிச்சே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சட்டையை மறுநாளே நீலம் போட்டுத் தோய்த்துக் காயப் போட்டவள் நான். அதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்ப, நான் போனதுலேந்து நீ கத்திரிக்கா கொழம்பு வெக்கறதே இல்லியாமே, எனக்குப் புடிக்கும்னு?"

"வாரத்துக்கு ரெண்டு தபா வெக்கிறேன். உங்க அம்மாவக் கேளுங்க."

"ஞாயித்துக்கெழமையானா விடிஞ்சதுலேந்து தொவைக்கிற கல்லாண்டயே நின்னுக்கினு கீறியாம், போன் வரும்னு."

"சும்மா பேஜார் பண்ணாதீங்க. அன்னிக்கித் துணி ஜாஸ்தி" என்றேன்.

பிறகு என் முறை. புதன்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். இருமல், பச்சைப் புடவை, லீவு. இவர் விழித்தார்.

"பொதங்கெழம நான் எங்க பண்ணேன்? மில்லு போன்லேந்து வெளிய பேச எங்கள வுட மாட்டான். ஞாயித்துக்கெழம பூத்துக்கு வர்றதோட சரி. உங்கிட்ட பச்சப் பொடவ கீதா இன்னா?"

இரண்டு பேரும் அந்தத் திறந்த டிரங்குப் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம். நான்கு மாதமாக நான் எந்தப் புதன்கிழமைக்காக எரிந்தேனோ, அப்படி ஒரு புதன்கிழமையே இல்லை. ஞாயிறுகளில் இவர் அந்த அக்காவிடம் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதானாம். "இன்னா கேட்டாலும் 'ம்'ன்னே சொல்லுதே, அதுக்கு என்னப் புடிக்குதா இல்லியா?" அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அதற்குத்தான் அந்தச் சட்டையும் கத்திரிக்காயும். நான் அக்காவின் வாயை அடைத்த பிறகு, இவருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் வயிற்று வலியும் தலைக்குளியலும். மனுஷன் ஊருக்கு வரவில்லை என்று சொல்லாமல் என்ன செய்வார்?

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னேனே, என் புத்தி அப்படி. இந்த அக்கா எதற்காக இத்தனை பொய்யையும் கட்ட வேண்டும் என்று அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் மதிலருகே நின்று நேராகவே கேட்டேன். அக்கா ஈரத் துணியை உதறி, கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட பிறகுதான் பேசினார்.

"எங்கூட்டுக்காரரு குவைத்துல நாலு வருசம். கேசட்டுல பேசி அனுப்புவாரு. எல்லாரும் ஒக்காந்து கேப்பாங்க, மாமா, மாமி, நாத்தனாருங்க எல்லாம். 'எல்லாரும் நல்லா கீறீங்களா'ம்பாரு. அந்த எல்லார்ல நான் எங்க கீறேன்னு திரும்பத் திரும்பப் போட்டுத் தேடிக்கினு இருப்பேன். கேசட்டே தேஞ்சி பூடுச்சி."

அவ்வளவுதான் சொன்னார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இவர் அந்த வாரம் காஞ்சிபுரம் போய் எனக்கு ஒரு பச்சைப் புடவை வாங்கி வந்தார். அதைக் கட்டிக்கொண்டு துணி துவைக்கிற சாக்கில் மதிலருகே ரெண்டு நடை நடந்தேன். அக்கா பார்த்து, "ம்" என்றார். எனக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் எங்கள் வீட்டுக்கே போன் வந்தது. பிறகு இவர் சட்டைப் பையில் ஒன்று, என் இடுப்பில் ஒன்று. பாய் குடும்பம் கடையை விற்றுவிட்டு ஆம்பூர் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டது. போகும்போது அக்கா நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டை அரிசிப் பானை மேல் வைத்த ஞாபகம். அப்புறம் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த வீட்டை வாங்கியவர்கள் மதிலை ஆள் உயரத்துக்கு எழுப்பிவிட்டார்கள். துவைக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டு அங்கே மெஷின் வைத்திருக்கிறோம்.

இவர் சொன்ன மூன்றில் சட்டையும் கத்திரிக்காயும்தான் அக்கா கட்டியவை. கல்லருகே நின்றது பொய்யில்லை. விடிந்ததிலிருந்துதான் நின்றேன். அதை இவரிடம் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை.

நேற்று மகள் வேலைக்குப் போன பிறகு, புதுப் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். இவர் முன்னறையில் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பெயரைச் சொன்னேன். நெல்லூர்க்காரருக்கு மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. இதற்கு ஒரு முறையே போதுமாக இருந்தது. முன்னறையில் மணி அடித்தது.

"இன்னா? உள்ளதான கீற? இன்னா வேணும்?"

"ம்" என்றேன்.

"இன்னா, ம்?"

சொல்ல நிறைய இருந்தது. அந்தக் கல்லைப் பற்றி, அந்த ஞாயிறுகளைப் பற்றி. நாக்கு வரை வந்தது, வழக்கம்போல அங்கேயே நின்றது. "ஒண்ணுமில்ல, சாப்ட வாங்க" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் நடுவில் அக்கா இல்லை. நான் "ம்" என்றால் அந்தப் பக்கம் "ம்" மட்டும்தான் போய்ச் சேருகிறது.